எங்கள் அலுவலகத்திலேயே மூன்று முறை சொல்ல வைத்திருக்கிறோம்: உளக்காயம் அறிந்த அமைப்பாக மாறுவது எப்படி?

வைகைக்கரை | திங்கள், இரவு 9.50

தென் மாவட்டம் ஒன்றில், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கப் பாடுபடும் சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகக் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். பள்ளிகளில் வகுப்பு எடுக்கிறோம்; வழக்கு என்று வந்துவிட்டால் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணையாகக் கூடவே போகிறோம்.

சென்ற மாதம் பழைய கோப்பு ஒன்றை மூடுவதற்காக எடுத்து வாசித்தேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தனக்கு நடந்ததை அந்தச் சிறுமி நீதிமன்றப் படியேறுவதற்கு முன்பு யார் யாரிடம் சொல்லியிருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். தாய், வகுப்பாசிரியை, தலைமையாசிரியர், மகளிர் காவல் நிலைய உதவி ஆய்வாளர், அரசு மருத்துவர், குழந்தைகள் நலக் குழு, நீதித்துறை நடுவர். ஏழு. அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் மூன்று: முதற்பதிவு செய்த களப்பணியாளர், ஆலோசகர், சட்ட உதவிக்கு வந்த வழக்கறிஞர். ஆகப் பத்து முறை.

முதல் ஏழைப் பற்றி மேடையேறிப் பேச எனக்குத் தெரியும், பேசியும் இருக்கிறேன். ஆனால் கடைசி மூன்றும் எங்களுடையவை. எந்தச் சட்டமும் அவற்றைக் கேட்கவில்லை. எங்கள் படிவம் கேட்டது. மூன்று பேரும் நல்லவர்கள், அன்பாகத்தான் கேட்டிருப்பார்கள். மூன்றாவது பதிவின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறது: "குழந்தை ஒத்துழைக்கவில்லை." அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

உளக்காயம் அறிந்த அமைப்பாக, அதாவது கொடிய அனுபவம் மனதில் விட்ட காயத்தைப் புரிந்துகொண்டு அதை மேலும் கிளறாமல் நடந்துகொள்ளும் அமைப்பாக மாறுவதற்கு, இரண்டு நாள் பயிற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது. படங்கள் காட்டினார்கள், எல்லோரும் குறிப்பெடுத்தோம், சான்றிதழ் வாங்கினோம். திங்கட்கிழமை வந்ததும் அதே ஆய்வுக் கூட்டம், அதே படிவம். பயிற்சிக்குப் பிறகு உங்கள் அமைப்பில் உண்மையிலேயே ஏதாவது மாறியிருந்தால், என்ன மாற்றினீர்கள், எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

---

அகல்விளக்கு | திங்கள், இரவு 11.15

நான் மனநல ஆலோசகர். முதலில் அந்த ஒரு வரியைப் பற்றி.

குழந்தை ஒத்துழைக்க மறுத்திருக்காது. உடல் அப்படித்தான் செய்யும். ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால் ஓடலாம், எதிர்க்கலாம், இரண்டுக்கும் வழியில்லை என்றால் உறைந்துபோகலாம். நம் முன்னால் தலையைக் குனிந்து, நகத்தைக் கிள்ளிக்கொண்டு, கேள்விக்குப் பதில் சொல்லாமல் அமர்ந்திருக்கும் குழந்தை பெரும்பாலும் அந்த மூன்றாவது நிலையில் இருக்கிறது. சில குழந்தைகள் சிரிக்கும். சில குழந்தைகள் பாடம் ஒப்பிப்பதைப் போல உணர்ச்சியே இல்லாமல் சொல்லும். "இவ்வளவு நடந்திருந்தால் இப்படியா பேசும்?" என்று நம்மில் ஒருவரே கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிர்வாகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று உண்டு. உளக்காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அதற்கேற்ப அமைப்பின் நடைமுறைகளை மாற்றுவது, மீண்டும் காயப்படுத்தாமல் காப்பது என்று நான்கு கடமைகளை அது சொல்கிறது. நம் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு முடிந்துவிடுகின்றன. மூளையின் படத்தைக் காட்டுவது எளிது. அலுவலகப் படிவத்தைக் கிழித்து வேறு எழுதுவதற்குச் செயலாளரின் கையெழுத்து வேண்டும்.

நாங்கள் மாற்றியவை மிகச் சிறியவை. ஆலோசனை அறையின் தாழ்ப்பாளைக் கழற்றினோம். கதவைச் சாத்தலாம், பூட்ட முடியாது. குழந்தையின் நாற்காலியைக் கதவுக்கு அருகில் போட்டோம், எழுந்து போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. உள்ளே வந்ததும், எவ்வளவு நேரம் பேசப்போகிறோம், அம்மா எங்கே காத்திருப்பார், பேச விருப்பமில்லை என்றால் எந்த அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தால் குழந்தையின் மூச்சு மாறுவதை நேரில் பார்க்கலாம். வன்முறை நடந்த நேரத்தில் அதற்கு இல்லாமல் போனது அதுதான்: அடுத்து என்ன என்று தெரிந்துகொள்வதும், வேண்டாம் என்று சொல்வதும்.

---

வழக்காடி | செவ்வாய், காலை 7.05

போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் குழந்தைகள் தரப்பில் ஆஜராகிறேன். வைகைக்கரை அவர்களே, உங்கள் ஏழிலும் எல்லாம் தேவையானவை அல்ல.

தலைமையாசிரியர் விசாரித்திருக்கவே வேண்டாம். சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலோ தெரிவிக்கச் சொல்கிறது. நிரூபித்துவிட்டு வந்து தெரிவியுங்கள் என்று சொல்லவில்லை. "உண்மைதானா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்று பள்ளியில் தொடங்கும் அந்த விசாரணைதான் பல வழக்குகளில் முதல் கெடுதல்.

மற்றவர்களுக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. 24ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும்; சீருடையில் இருக்கக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. 33ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்விகளை நீதிபதியிடம் கொடுத்து, நீதிபதிதான் குழந்தையிடம் கேட்க வேண்டும். அடிக்கடி இடைவேளை தர வேண்டும். சாட்சி சொல்ல மீண்டும் மீண்டும் அழைக்கக்கூடாது. 36ஆம் பிரிவு, சாட்சி சொல்லும் நேரத்தில் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணில் படாமல் காக்கச் சொல்கிறது. 2012இலேயே நாடாளுமன்றம் எழுதிவைத்தவை இவை. குழந்தையோடு போகும் நீங்கள் நினைவூட்டாவிட்டால் வேறு யாரும் நினைவூட்டப்போவதில்லை.

உங்கள் மூன்றைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். என் துறையைச் சேர்ந்தவர் குழந்தையிடம் நேரில் கேட்டிருக்கத் தேவையில்லை. முதல் தகவல் அறிக்கையையும் வாக்குமூலத்தையும் வாசித்தால் போதும். நீங்கள் மூன்று முறை கேட்டு மூன்று விதமாக எழுதிவைத்தவற்றை எதிர்த்தரப்பு வரவழைக்கலாம். "அன்று மாலை என்றாய், இங்கே மதியம் என்று இருக்கிறதே" என்ற கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அன்போடு எழுதிய குறிப்பும் குறுக்கு விசாரணையில் ஆயுதமாகும்.

இன்னொன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பணியாளரும் எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அதைவிட முக்கியம், ஏற்கெனவே ஒரு பெரியவரால் ஏமாற்றப்பட்ட குழந்தைக்கு நாம் கொடுக்கும் முதல் வாக்கே பொய்யாகக் கூடாது.

---

அகல்விளக்கு | செவ்வாய், காலை 8.30

இதில்தான் எனக்கு நெடுநாள் நெருடல். குழந்தைக்கு விருப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறோம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்து, "போலீஸ் வேண்டாம் அக்கா, பேச மட்டும் ஆள் வேண்டும்" என்கிறாள். சட்டம் எனக்கு வேறு வழி தரவில்லை. நான் சொல்லத் தொடங்கியதும் அவள் எழுந்து போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

இப்போது முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்பவற்றில் சிலவற்றை நான் என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. எதை, யாரிடம் சொல்வேன் என்பதை உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்." இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். தெரிவிப்பதா என்பது அவர்கள் கையில் இல்லாவிட்டாலும், எங்கே உட்கார்ந்து பேசுவது, கூட யார் இருப்பது, இன்றா நாளைக் காலையா என்பவற்றையாவது அவர்கள் கையில் கொடுக்கப் பார்க்கிறேன். இது போதுமா என்றால், போதாது.

---

சாக்பீஸ் | செவ்வாய், மாலை 4.40

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வழக்காடி ஐயா சொன்னதைப் படித்து இன்று முழுவதும் என் பணிக்காலத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் கேட்டிருக்கிறேன். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று ஓர் ஏழாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை, "தப்புதான் மிஸ்" என்றது. யாருடைய தப்பை யார் ஏற்றுக்கொண்டது என்பது எனக்கு அன்று புரியவில்லை. இன்று ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிற பிள்ளைகளே, அந்தக் கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

---

பற்றுவரவு | செவ்வாய், இரவு 10.05

நான் இதே போன்ற அமைப்பில் நிதி திரட்டும் பொறுப்பில் இருக்கிறேன். யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். பத்து முறையோடு நிற்பதில்லை. பதினோராவது முறை நன்கொடையாளருக்காக.

ஆண்டறிக்கைக்கு ஒரு "வெற்றிக் கதை" கேட்பார்கள். பெயரை மாற்றி, முகத்தை மறைத்து, பின்பக்கமாகப் படம் எடுத்துப் போடுகிறோம். ஊர் பெயர் இருக்கிறது, தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பது இருக்கிறது, பள்ளிச் சீருடையின் நிறம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும். 23ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை; முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் ஊடகத்தில் வெளிவரக்கூடாது என்கிறது. எங்கள் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது.

ஆனால் என் நிலைமையையும் சொல்ல வேண்டும். கதை இல்லாவிட்டால் பணம் குறைகிறது. பணம் குறைந்தால் ஆலோசகருக்குச் சம்பளம் இல்லை. "மூவாயிரம் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தோம்" என்று எழுதினால் யாருக்கும் நெஞ்சு நெகிழ்வதில்லை. ஒரு குழந்தையின் கண்ணீரை எழுதினால் காசோலை வருகிறது. இதற்கு யாராவது விடை கண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

---

பெயர் வேண்டாம் | புதன், அதிகாலை 1.20

நான் அந்தக் கதைகளில் ஒன்று.

எனக்கு நடந்ததற்குப் பிறகு என்னைத் தாங்கிய அமைப்பிலேயே படித்துமுடித்து வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் இல்லாவிட்டால் நான் இன்று இருந்திருக்க மாட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்வதை நன்றி கெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

விருந்தினர் வரும் ஒவ்வொரு முறையும், "நீ கொஞ்சம் பேசுகிறாயாம்மா?" என்பார்கள். கட்டாயப்படுத்தியதில்லை. ஆனால் எனக்குக் கல்விக் கட்டணம் கட்டியவர்கள் கேட்கும்போது, முடியாது என்று எந்த வாயால் சொல்வது? நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை பேசினேன் என்று எண்ணவில்லை. பேசிவிட்டு வந்து மதியம் கோப்புகளை அடுக்குவேன். ஒருவரும் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டதில்லை, ஏனென்றால் நான் "வலிமையானவள்".

பிறகு ஒரு நாள் விருந்தினர் ஒருவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். தொடப்போகிறேன் என்று சொல்லாமல் தொட்டார். அன்றோடு நிறுத்தினேன். இப்போது வேறு ஊரில், வேறு அமைப்பில் இருக்கிறேன். இங்கே என் கதை யாருக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

பற்றுவரவு அவர்களே, விடை எனக்கும் தெரியாது. ஆனால் நன்றிக்கடன் இருக்கும் இடத்தில் சம்மதம் என்று ஒன்றைக் கேட்டுப் பெற முடியாது. இதை மட்டும் உங்கள் அறங்காவலர்களிடம் சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் | புதன், காலை 5.45

தாயே, இதை எழுதிவிட்டுத் தூங்கினீர்களா?

---

பெயர் வேண்டாம் | புதன், காலை 9.10

தூங்கினேன் அம்மா. நன்றி.

---

செம்மண் | புதன், மதியம் 1.30

எல்லாவற்றையும் படித்தேன். கோபமும் வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் களப்பணியாளன். அறை, நாற்காலி, அட்டை எல்லாம் சரி. இரவு பதினொன்றுக்கு அழைப்பு வருகிறது, குழந்தையோடு அரசு மருத்துவமனைக்குப் போகிறேன், விடியும் வரை வராந்தாவில் நிற்கிறேன், காலை முதல் பஸ்ஸில் திரும்புகிறேன். ஒன்பதரைக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தாமதமானால் அரை நாள் விடுப்புக் கழியும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். "குழந்தை ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிய அந்தப் பணியாளர் அதற்கு முந்தைய இரவு எங்கே இருந்தார் என்று யாராவது பார்த்தீர்களா?

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "இந்த மாதம் உங்கள் எண்ணிக்கை ஏன் குறைந்தது?" என்று கேட்கிறார்கள். பாலியல் வன்முறை வழக்கின் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வரும் நான், பிற்பகலில் குழந்தையிடம் பொறுமையாக உட்கார வேண்டுமாம். எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

---

அகல்விளக்கு | புதன், இரவு 8.50

செம்மண் தம்பி சொன்னதைத்தான் இந்த இழையின் நடுவில் வைக்க வேண்டும்.

பிறருடைய காயத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு, உலகத்தையும் மனிதர்களையும் பார்க்கும் பார்வையே மாறிப்போகிறது என்று 1990இல் மெக்கான், பேர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். அதன் பிறகு ஏராளமாக ஆராய்ந்துவிட்டார்கள். நம் அமைப்புகளில் இதற்கு ஆண்டுக்கொரு முறை யோகா வகுப்பு வைக்கிறார்கள். யோகா நல்லதுதான். ஆனால் கழிந்த அரை நாள் விடுப்பை யோகா திருப்பித் தராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நம் பணியாளர்களும் இதே நாட்டில் குழந்தைகளாக இருந்தவர்கள்தான். பயிற்சி அறையில் இருபது பேர் அமர்ந்திருந்தால், "பாதிக்கப்பட்டவர்கள்" என்று வெளியே எங்கோ இருப்பவர்களைச் சொல்வதைப் போலப் பேசுவது தவறு. நான் பயிற்சி தொடங்கும்போது, யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஒவ்வொரு முறையும் ஒருவராவது எழுந்து போகிறார்.

---

வழக்காடி | வியாழன், காலை 6.50

குழந்தை எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்ற இதே கணக்கைப் போட்டுத்தான் மற்ற நாடுகளில் வழி கண்டார்கள். 1985இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில், பட் கிரேமர் என்ற அரசு வழக்கறிஞர், குழந்தை ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவதை நிறுத்தி, காவல், மருத்துவம், வழக்கு நடத்துவோர் எல்லோரும் குழந்தை இருக்கும் ஒரே வீட்டுக்கு வரும்படி மாற்றினார். ஐஸ்லாந்து 1998இல் குழந்தைகள் இல்லம் என்ற பெயரில் அதையே தன் நாட்டு முறைக்கு ஏற்பச் செய்தது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் வேறு அறையிலிருந்து பார்க்கிறார்கள், பேச்சு பதிவாகிறது.

நம் மாவட்டங்களில் அது வருவதற்கு நாளாகும். ஆனால் உங்கள் மூன்றை ஒன்றாக்க எந்த அரசாணையும் தேவையில்லை. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபர் (வழக்கு நெடுக குழந்தைக்குத் துணை நிற்பவர்) உங்கள் அமைப்பிலிருந்தே வரலாம். அந்த ஒருவர் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை கூட இருக்கட்டும். மற்றவர்களுக்கு வேண்டியதை அவர் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

---

வைகைக்கரை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

செம்மண் கேட்டாரே, அதற்கு முந்தைய இரவு அந்தப் பணியாளர் எங்கே இருந்தார் என்று. வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். மருத்துவமனையில் இருந்திருக்கிறார், வேறொரு குழந்தையோடு. அவர் இப்போது எங்களோடு இல்லை. தொலைபேசியில் அழைத்தேன். அந்த வரி அவருக்கு நினைவில்லை. அந்தக் குழந்தை நினைவிருக்கிறது. அணிந்திருந்த வளையலின் நிறத்தைச் சொன்னார்.

செயலாளரிடம் மூன்று வேண்டுகோள் வைத்தேன். இரவுப் பணிக்கு மறுநாள் முழு விடுப்பு, கேள்வி கேட்காமல். இதை உடனே ஒப்புக்கொண்டார். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்றார். கேட்கும் துணிவு எங்கள் அலுவலகத்தில் இருந்ததா என்பதை அவர் யோசிக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். இரண்டாவது, படிவம். மூன்று படிவங்களையும் ஒன்றாக்கி, "குழந்தை இதை ஏற்கெனவே யாரிடம் சொல்லியிருக்கிறது? அந்தப் பதிவு எங்கே கிடைக்கும்?" என்பதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். நடந்ததை விவரிக்கச் சொல்லும் கட்டம் இனிப் படிவத்தில் இல்லை. குழந்தை தானாகச் சொன்னால் அதன் சொற்களிலேயே எழுத வேண்டும், மேலே துருவக்கூடாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எண்ணிக்கை வாசிப்பதும் நின்றிருக்கிறது.

மூன்றாவது வேண்டுகோள் நிறைவேறவில்லை. ஆண்டறிக்கையில் குழந்தைகளின் கதையே வேண்டாம் என்றேன். அறங்காவலர்களில் இருவர் ஒப்பவில்லை. ஒரு மணி நேரம் வாக்குவாதம். பெயர் வேண்டாம் அவர்கள் எழுதியதை, எங்கே படித்தேன் என்று சொல்லாமல், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன். இந்த ஆண்டு கதைக்குப் பதிலாக ஒரு களப்பணியாளரின் ஓர் இரவை எழுதிப் பார்க்கலாம் என்பதில் முடிந்தது. பணம் வருமா என்று அடுத்த ஆண்டுதான் தெரியும். பற்றுவரவு அவர்களே, தெரிந்ததும் எழுதுகிறேன்.

அந்தக் கோப்பை இன்னும் மூடவில்லை. "குழந்தை ஒத்துழைக்கவில்லை" என்ற வரியை அடித்துவிடத்தான் முதலில் கை போனது. பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே எழுதினேன்: "இவ்வலுவலகத்தில் குழந்தையிடம் இது மூன்றாவது முறையாகக் கேட்கப்பட்டது. மொத்தத்தில் பத்தாவது முறை."

---

வழக்காடி | ஞாயிறு, இரவு 7.00

அடிக்காமல் கீழே எழுதியது சரி. தேதியும் கையெழுத்தும் போட்டீர்களா?

---

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 7.12

போட்டேன் ஐயா.